41 கிராம் சீரகம்

மொத்தம் 41 கிராம் வந்துச்சு. கிச்சன் தராசுல மூணு தடவை வச்சுப் பாத்தேன், மூணு தடவையும் அதே 41. ரெண்டு தெர்மாகோல் பெட்டி, நாலு மாசம், அதுக்கு முன்னாடி வீணாப்போன ரெண்டு சீசன், எல்லாத்துக்கும் சேத்து ஒரு சின்ன டம்ளர் சீரகம். அன்னிக்கு கடை விலைக்கு அது ஒரு இருவது ரூபா பெறும். ஆனா அந்த டம்ளரை மூக்குகிட்ட கொண்டுபோனப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமாவே சொல்றேன். பாக்கெட்ல வர்ற சீரகத்தை வறுத்தாதான் வாசனை தூக்கும், இது வறுக்கவே வேணாம், ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு லேசா தேச்சதுக்கே மாடிப்படி வரைக்கும் மணத்துச்சு.

எப்படி வளத்தேன்னு முழுசா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். ஏன்னா நான் ஆரம்பிச்சப்ப தமிழ்ல தேடினா சீரகத் தண்ணி குடிச்சா தொப்பை குறையுமா, வெறும் வயித்துல குடிக்கலாமா, இதுதான் வந்துச்சே தவிர செடியைப் பத்தி உருப்படியா நாலு வரி கிடைக்கல.

நாங்க இருக்கறது அகமதாபாத்ல, மணிநகர். எனக்கு சொந்த ஊர் லால்குடி பக்கம், கல்யாணமாகி இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு. மணிநகர்ல தமிழ்க்காரங்க நிறைய பேர், மில் வேலைக்குன்னு அந்தக் காலத்துல வந்து தங்கின குடும்பங்கள்லாம் உண்டு, அதனால கறிவேப்பிலைக்கோ இட்லி அரிசிக்கோ இங்க பஞ்சமே இல்ல. சீரகத்துக்கு நான் பக்கத்து ஊர்க்காரின்னு மட்டும் ரொம்ப வருஷமா எனக்கே தெரியாம இருந்திருக்கேன். இந்தியாவுல விளையற சீரகம் கிட்டத்தட்ட எல்லாமே குஜராத், ராஜஸ்தான் ரெண்டு மாநிலத்துலதான். நம்ம ஊர் மளிகைக்கடைல அம்மா வாங்கற சீரகமும் பெரும்பாலும் இங்கேர்ந்து போனதாத்தான் இருக்கும். அகமதாபாத்லேர்ந்து வடக்க ஒரு நூறு கிலோமீட்டர் போனா ஊஞ்சான்னு ஒரு ஊர், மேசாணா ஜில்லா, அங்க இருக்கற மார்க்கெட் யார்டுலதான் நாட்டுக்கே சீரக விலை முடிவாகுது.

ஒரு ஜனவரில மோதேரா சூரியன் கோயில் பாக்கப் போனோம். மேசாணா தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கணுக்கால் உசரத்துக்கு சாம்பல் பச்சைல ஒரு பயிர், மேல வெள்ளையும் லேசான ரோஸுமா பூ, தூரத்துலேர்ந்து பாத்தா தரைலேர்ந்து ஒரு ஜாண் மேல பனி மிதக்கற மாதிரி இருந்துச்சு. டிரைவர் பாய்கிட்ட என்னன்னு கேட்டேன். ஜீருன்னாரு, நம்ம சீரகம். வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிப் போய் பாத்தேன். எனக்கு அப்ப நாப்பது வயசு, அத்தனை வருஷத்துல சீரகம் போடாத நாளே கிடையாது, அந்தச் செடிய அன்னிக்குத்தான் மொத தடவை பாக்கறேன். மிளகுக் கொடி பாத்திருக்கேன், ஏலக்காய், மஞ்சள், கொத்தமல்லி எல்லாம் பாத்திருக்கேன், சீரகத்தை மட்டும் ஒரு தடவை கூட யோசிச்சே பாத்ததில்ல. அங்க வரப்புல நின்னுட்டு இருந்தப்பவே நம்ம மாடில இதைப் போடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

மொத சீசன் 2021. அஞ்சறைப்பெட்டி சீரகத்தையே எடுத்து, கீரை விதைக்கற மாதிரி தூவி, தேங்கா நார்த் தூள் நிறைய கலந்த மண்ணுல அக்டோபர் முதல் வாரமே போட்டுட்டேன். அக்டோபர்ல அகமதாபாத் பகல் 35 டிகிரிக்குக் குறையாது. கொஞ்சம்தான் முளைச்சுது, முளைச்சதும் நான் காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை பூவாளில தண்ணி ஊத்தினேன், கீரைக்கு அப்படித்தானே ஊத்துவோம். ஒரு வாரத்துல தண்டு மண்ணைத் தொடற எடத்துல நீர் கோத்து மெலிஞ்சு எல்லாம் சாஞ்சுடுச்சு. காலைல பாத்தா பச்சை நூலை யாரோ கத்தரிச்சு போட்ட மாதிரி கெடந்துது.

ரெண்டாவது சீசன் விதைதான் பிரச்சினைன்னு நினைச்சு ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வாங்கினேன். சீரகம்னு தெளிவா படம் போட்டு எழுதிருந்துது. பிரிச்சப்பவே விதை கொஞ்சம் தட்டையா இருக்கேன்னு தோணுச்சு, நாட்டு ரகமா இருக்கும்னு விட்டுட்டேன். ஜம்முனு வளந்துது. இடுப்பு உசரம் போச்சு, பெரிய கொடை மாதிரி மஞ்சள் பூ பூத்துது, எனக்கு ஒரே சந்தோஷம். கீழ் வீட்டு பா அப்பளம் காயவைக்க மாடிக்கு வந்தவங்க பாத்துட்டு ஒரு இணுக்கு கிள்ளி மோந்து பாத்தாங்க. பான்னா இங்க பாட்டின்னு அர்த்தம், எழுபத்தஞ்சு வயசு, பொறந்தது ஊஞ்சா பக்கம் ஒரு கிராமம். "பேட்டா, இது ஜீரு இல்ல, சுவா" அப்படின்னாங்க. சுவான்னா நம்ம ஊர்ல நாட்டு மருந்துக்கடைல சதகுப்பைன்னு விப்பாங்களே, அது. மூணு மாசம் பாத்துப் பாத்து வளத்தது வேற ஒண்ணுன்னு தெரிஞ்சப்ப மனசு விட்டுப்போச்சு. வித்தவங்களுக்கு எழுதினேன், பதிலே இல்ல.

அதனால இதை மொதல்ல சொல்லிடறேன், யாரும் ஏமாறக் கூடாது. சீரகச் செடி உசரமா வளராது, ஒரு ஜாண், மிஞ்சிப் போனா ஒன்றரை ஜாண். பூ வெள்ளை இல்லன்னா ரோஸ். மஞ்சள்ல பூத்தா அது சோம்பு இல்லன்னா சதகுப்பை, சீரகம் கெடையவே கெடையாது. பேருக்கு மயங்கவும் கூடாது, பெருஞ்சீரகம்ங்கறது சோம்பு, அது சீரகத்துக்கு சொந்தக்காரச் செடி, கேரட், கொத்தமல்லி, ஓமம் எல்லாமே அந்தக் குடும்பந்தான். கருஞ்சீரகம் அந்தக் குடும்பமே இல்ல, பேர்ல மட்டும்தான் சீரகம்.

பா அன்னிக்கு அப்பளத்தை மறந்துட்டு என்கூட ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாங்க. அவங்க அப்பா, அண்ணன் எல்லாம் சீரகம் போட்டவங்க, இப்பவும் அண்ணன் பையன் போடறாரு. ராஜஸ்தான்ல மார்வாட் பக்கம் ஒரு நாட்டுப்பாட்டு இருக்காம், சீரகம் உயிருக்கு வைரி, அதை விதைக்காதய்யான்னு பொண்டாட்டி புருஷன்கிட்ட கெஞ்சற மாதிரி. அவ்ளோ வேலை வாங்கும், அவ்ளோ வேலை வாங்கினப்பறமும் ஒரு நாள் மேகம் போட்டா போச்சு. ஆனாலும் விதைக்காம இருக்க முடியாதும்பாங்க, ஏன்னா நல்லா வந்துச்சுன்னா அந்த ஒரு பயிர்ல கடன் அடைஞ்சுடும்.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனவங்க அண்ணன் பையன்கிட்டேர்ந்து ஒரு கைப்பிடி விதை முடிஞ்சுட்டு வந்தாங்க. குஜராத் ஜீரா நாலுன்னு சொல்ற ரகம், இங்க எல்லாரும் ஜிசி-4ன்னுதான் சொல்றாங்க, மேசாணா பக்கத்துல ஜகுதண்ணு ஒரு ஊர்ல இருக்கற மசாலா ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்தது. வாடல் நோயைக் கொஞ்சம் தாங்கும், அதனாலயே வடக்கு குஜராத் முழுக்க இதுதான் ஓடுது. அந்த வருஷம் நடுவுல ஊஞ்சால சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டிருந்துது, வரலாறு காணாத விலை, அதைப் பாத்து கோதுமை, கடுகு போடறவங்க கூட சீரகத்துக்கு மாறிட்டாங்க, அடுத்த அறுப்புக்கு விலை பாதிக்கும் கீழ வந்துடுச்சு. அப்படி விலை பறந்துட்டு இருந்த நேரத்துல எனக்கு ஒரு கைப்பிடி விதையை சும்மா குடுத்தனுப்பினாரே அந்த அண்ணன் பையன், அவர் நல்லா இருக்கணும்.

நாள் பாத்து லாப் பாஞ்சம் அன்னிக்கு விதைச்சோம், நவம்பர் 18. தீபாவளி லீவு முடிஞ்சு இங்க கடையெல்லாம் திறக்கற நாள் அது. ஆனா பா நாளை மட்டும் பாக்கல, ராத்திரி போர்வை தேடறியான்னு என்கிட்ட கேட்டாங்க. பகல் 30க்குக் கீழ எறங்கணும், ராத்திரி போர்வை வேணும், அதுதான் சீரகத்துக்கு நேரம். முந்தி போட்டா சூட்டுல முளைக்காது, ரொம்பப் பிந்திப் போட்டா மணி பிடிக்கற நேரத்துல வெயில் வந்து சுருங்கிடும்.

மண்ணு விஷயத்துல பா என்னை தேங்கா நார்த் தூள் பக்கமே போக விடல. கோராடுன்னு இங்க சொல்ற லேசான மணல் கலந்த மண்ணு ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதுல ஒரு பிடி ட்ரைகோடெர்மா பொடி, நோய்ப் பூஞ்சைய அடக்கற நல்ல பூஞ்சை அது, கலந்து ஒரு வாரம் நிழல்ல வச்சிருந்தேன். தண்ணி ஊத்தினா பெட்டிக்கு அடில அஞ்சு நிமிஷத்துல சொட்டணும், அதுதான் கணக்கு. பெட்டி பழக்கடைல வாங்கினது, ரெண்டடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒரு அடி ஆழம், அடில ஸ்க்ரூடிரைவரால பன்னண்டு ஓட்டை. நாத்து விட்டுப் பிடுங்கி நடற வேலையெல்லாம் சீரகத்துக்கு ஒத்துவராது, ஆணிவேர் அறுந்தா பிழைக்காது, அதனால வளரப்போற எடத்துலயே நேரா விதைச்சுடணும்.

விதைய மொத நாள் ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காலைல ஒரு காட்டன் துணில பரப்பி ஈரம் மட்டும் வாங்க விட்டோம். நாம சீரகம்னு சொல்ற ஒண்ணு உண்மைல ரெண்டு விதை ஒட்டிட்டு இருக்கற ஒரு காய், கொத்தமல்லி மாதிரியே, உள்ளங்கைல வச்சு மெதுவா தேச்சா ரெண்டா பிரியும், ரெண்டுமே முளைக்கும். பா தேய்க்கறதைப் பாக்கணும், அழுத்தமே இல்லாம, கொழந்தை கன்னத்தைத் தடவற மாதிரி தேய்ப்பாங்க. பென்சில் வச்சு ஒரு ஜாண் இடைவெளில கோடு கிழிச்சு, அதுல வரிசையா தூவி, மேல மண்ணை அள்ளிப் போடாம ஒரு வேப்பங்கொத்தால லேசா பெருக்கி மூடினாங்க. அரை வெரல்கடைக்கு மேல ஆழம் போனா முளை மேல வராது. ரெண்டு பெட்டிக்கும் சேத்து நாங்க போட்டது ரெண்டு கிராம், அதுவே அதிகம், ஒரு கிராம்ல இருநூறு விதைக்கு மேல இருக்கும்.

அப்பறம் தண்ணி. இதுதான் மொத்த விஷயமும். வயல்ல விதைச்ச அன்னிக்கு ஒரு தண்ணி, எட்டு பத்து நாள்ல முளை கிளம்பறப்ப மேல்மண்ணு இறுகாம இருக்க ஒரு தண்ணி, அப்பறம் மாசத்துக்கு ஒண்ணுன்னு மொத்தப் பயிருக்குமே நாலஞ்சு தண்ணிதான் காட்டுவாங்களாம். பெட்டில மண்ணு சீக்கிரம் காயும், அதனால அவ்ளோ நாள் விட முடியாது, ஆனா வெரலை ரெண்டு கணு வரைக்கும் உள்ள விட்டுப் பாத்து அங்கயும் காஞ்சிருந்தாதான் ஊத்தணும், செடி மேல படாம ஓரமா ஊத்தணும், காலைலதான் ஊத்தணும். எனக்கு டிசம்பர், ஜனவரில அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவைன்னு அமைஞ்சுது. நான் காவேரிக்கரைல பொறந்தவ, வாய்க்கால்ல தண்ணி ஓடினாதான் மனசு நெறையும், செடி வாடின மாதிரி தெரிஞ்சா கை தானா பூவாளிக்குப் போகும். பா கைய பிடிச்சுப்பாங்க. "பஸ், ஹவே பாணி நை." போதும், இனி தண்ணி வேணாம். இந்த நாலு வார்த்தைய அந்த குளிர்காலத்துல எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, இப்ப வேற செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப கூட காதுல கேக்குது.

எட்டாவது நாள் மாவ்டு வந்துச்சு. பருவம் தப்பி குளிர்காலத்துல பெய்யற மழைக்கு இங்க அப்படிப் பேரு. 2023 நவம்பர் 26, ஞாயித்துக்கிழமை, குஜராத் முழுக்க இடியும் மின்னலுமா கொட்டி நிறைய பேர் செத்துப்போனாங்க, சில எடத்துல ஆலங்கட்டி. நான் வானம் இருட்டினதுமே ஓடிப்போய் ரெண்டு பெட்டியையும் படிக்கட்டு ரூமுக்குள்ள இழுத்துட்டேன், தெர்மாகோல் பெட்டிங்கறதால முடிஞ்சுது. பா அன்னிக்கு சாப்பிடவே இல்ல, போனை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க, ஊர்ல அண்ணன் பையன் விதைச்சு பத்து நாள் ஆன வயல்ல தண்ணி நின்னுடுச்சு, அவரு மறுபடியும் முதல்லேர்ந்து விதைச்சாரு. பத்து ஏக்கர் வச்சிருக்கறவருக்கு இழுத்து உள்ள வைக்க எது படிக்கட்டு ரூம்.

பதினோராவது நாள் முளை தெரிஞ்சுது. இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நெறைய பேர் புல்லுன்னு நினைச்சுப் பிடுங்கிடுவாங்க. மொத ரெண்டு இலை ரெண்டும் கோரைப்புல் துணுக்கு மாதிரி ஒல்லியா நீளமா வரும், சிலதுக்கு நுனில அந்த சீரகத் தோலே தொப்பி மாதிரி ஒட்டிட்டு இருக்கும், நீங்களா எடுத்து விடாதீங்க, தானா விழும். அடுத்து நடுவுலேர்ந்து வர்ற மூணாவது இலைதான் நூல் நூலா பிரியும், அப்பதான் அது சீரகம். அந்த மூணாவது இலை விரியறதை நான் காபியோட தினமும் காலைல உக்காந்து பாத்தேன், நாலு நாள் ஆச்சு முழுசா விரிய. மொத ஒரு மாசம் சீரகம் வளரவே வளராத மாதிரி இருக்கும், களை மட்டும் மடமடன்னு வரும், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கைக்களை எடுத்தே ஆகணும். ரெண்டாவது களை எடுக்கறப்ப செடிக்கும் செடிக்கும் நாலு வெரல் எடம் விட்டு மிச்சத்தைக் கலைச்சுட்டேன். காத்தோட்டம் இல்லன்னா நோய்தான்.

டிசம்பர் கடைசில ஒரே தண்டு நாலஞ்சா கிளைச்சு பரட்டைத் தலை மாதிரி ஆச்சு. ஜனவரி பொறந்ததும் கிளை நுனில பச்சைக் குண்டூசித் தலை மாதிரி அரும்பு. மொத பூ சரியா பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இங்க பொங்கலை ஒட்டித்தான் உத்தராயணம், ஊரே மாடில இருக்கும், பட்டம், ஸ்பீக்கர், உந்தியு, ஜிலேபி, எள்ளு சிக்கி, ஒவ்வொரு பட்டம் அறுந்தப்பவும் "காய்போ ச்சே"ன்னு தெருவே கத்தும். நான் காலைல சூரியனுக்கு சர்க்கரைப் பொங்கல் வச்சுட்டு, வெண்பொங்கலுக்கு மிளகும் சீரகமும் நெய்ல பொரிச்சுட்டு, அந்த வாசனையோடயே மாடிக்கு வந்து பூவைப் பாத்தேன். கடுகு அளவு கூட இல்ல ஒவ்வொரு பூவும், அஞ்சு இதழ், ஓரத்துல மட்டும் ரோஸ்.

பூச்சி வரணும்னு கொசுவலைய எடுத்து வச்சிருந்தேன். சாயங்காலம் அறுந்து வந்த ஒரு பட்டத்தோட மாஞ்சா நூல் பெட்டி மேல குறுக்க விழுந்துது, நாங்க கவனிக்கல, பக்கத்து மாடிலேர்ந்து ஒரு பையன் நூலைப் பிடிச்சு இழுத்தான். கண்ணாடித் தூள் பூசின நூலு, ஒரு இழுப்புல பதினோரு செடி தலை தனியா போச்சு. அவன் மேல என்ன கோவப்படறது, அவனுக்குத் தெரியுமா அங்க சீரகம் இருக்குன்னு. நான் பொறுக்கி எடுத்து மடில வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். பா வந்து அதைக் கைல வாங்கி, "வீணாக்கக் கூடாது"ன்னு கீழ கொண்டுபோய்க் கழுவிப் பொடியா நறுக்கி அன்னிக்கு ராத்திரி வச்ச கடில போட்டாங்க. கடின்னா நம்ம மோர்க்குழம்பு மாதிரி, இனிப்பும் புளிப்புமா இருக்கும். சீரகத்தழைக்கு சீரக வாசனை கொஞ்சம்தான், கேரட் தழை மாதிரி ஒரு பச்சை வாசனைதான் முன்னாடி வரும், முழுங்கினப்பறம் தொண்டைல லேசா சீரகம் தெரியும்.

தமிழ்நாட்டுல இருக்கறவங்க இதைப் பண்ணலாமான்னு யோசிப்பீங்க. சீரகம் கேக்கற காஞ்ச குளிர் இங்க வர்ற அதே மாசத்துலதான் நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை அடைமழை, கடலோரத்துல காத்துலயே ஈரம், அதனாலதான் அங்க யாரும் இதை வயல்ல போடறதில்ல. ஓசூர், கோயம்புத்தூர் மாதிரி எடத்துல மழை விட்டு மார்கழி பொறந்ததும் ஒரு பெட்டி போட்டுப் பாக்கலாம், மழை சாரல் படாத, நாள் முழுக்க வெயில் இருக்கற எடமா வைக்கணும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம்னா என்னைக் கேட்டா ஓமவல்லியும் கொத்தமல்லியும் வச்சு சந்தோஷமா இருங்கன்னுதான் சொல்வேன்.

பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசில மூணு நாள் மேகம். பா வீட்லேர்ந்து வந்து மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுட்டு வானத்தையே பாத்துட்டு நின்னாங்க. பூக்கற நேரத்துல மேகமூட்டமும் பனியும் சேந்தா காளி சர்மி வரும், கருகல் நோய், அதுக்கு காரணம் ஒரு பூஞ்சை. வயல்ல ஒரு மூலைல ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாள்ல நெருப்பு வச்ச மாதிரி முழு வயலும் கருத்துடும், அதனால வானம் மூடினாலே விவசாயிங்க மேன்கோசெப்ங்கற பூஞ்சை மருந்து அடிக்க ஓடுவாங்க. எனக்கு ரெண்டாவது பெட்டில ஓரத்துல நாலு செடில இலை நுனி காப்பிக்கலர்ல பொட்டு பொட்டா வந்துச்சு. உடனே பிடுங்கி கவர்ல கட்டிப் போட்டுட்டேன், தண்ணிய சுத்தமா நிறுத்திட்டேன், நல்லவேளை நாலாவது நாள் சுள்ளுனு வெயில். பிப்ரவரில அசுவினி வந்துச்சு, பூக்கொத்துக்கு அடில பச்சையா மொய்ச்சிருந்துது, வேப்பெண்ணெய்ல ரெண்டு சொட்டு சோப்பு விட்டு சாயங்காலமா ஒரே ஒரு தடவை அடிச்சேன், அதுக்கப்பறம் பொறிவண்டு வந்து பாத்துக்கிச்சு. தேனீயும் நிறைய வந்துச்சு, பெட்டிகிட்ட குனிஞ்சா ரீங்காரம் கேக்கும்.

பூ உதிர்ந்து காய் பிடிக்கறது ரொம்ப அழகு. மொதல்ல அரிசிக் குருணை மாதிரி, அப்பறம் பச்சையா நீண்டு, நீளவாக்குல வரி விழும், அந்த வரி மேல பூனை முடி மாதிரி நிக்கும். ஒரு பச்சைக் காயைக் கடிச்சுப் பாத்தேன். காரம் மாதிரி ஒண்ணு, எலுமிச்சைத் தோல் மாதிரி ஒண்ணு, அப்பறம் சீரகம். சீரகம் இவ்ளோ ஜூஸா இருக்கும்னு நான் நினைச்சே பாத்ததில்ல, நாம பாக்கறதெல்லாம் அதோட காஞ்ச உடம்புதானே.

பிப்ரவரி மூணாவது வாரத்தோட தண்ணி முழுசா நிறுத்தியாச்சு. மணி முத்தற நேரத்துல தண்ணி ஊத்தினா மறுபடி பூக்க ஆரம்பிக்கும், நோயும் வரும். செடி மஞ்சளாகி, வைக்கோல் நிறம் ஆகி, மார்ச் 10 அன்னிக்கு வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலைல ஆறரைக்கு வேரோட பிடுங்கினோம். வெயில்ல பிடுங்கினா மணி சிதறிடும். அப்பாவோட பழைய வேட்டி ஒண்ணு என்கிட்ட இருந்துது, அதுல பரப்பி நிழல்ல ஆறு நாள் காயவச்சு, முடிச்சாக் கட்டி மரக்கரண்டியால தட்டி, லால்குடிலேர்ந்து கொண்டுவந்த முறத்துல புடைச்சேன். பா முறத்தை வாங்கி ரெண்டு தடவை புடைச்சுட்டு எங்க ஊர் முறத்தை விட இது நல்லா இருக்கே, எடை கம்மின்னாங்க.

அதான் அந்த 41 கிராம். வயல் கணக்குக்கு இது நல்ல விளைச்சல்தான், மாஞ்சா நூலு இல்லன்னா இன்னும் அஞ்சாறு கிராம் கூட வந்திருக்கும். நம்ம வீட்ல மாசத்துக்கு நூறு கிராம் ஆகும், அதுக்கு எவ்ளோ எடம் வேணும், எத்தனை பேர் குனிஞ்சு களை எடுக்கணும்னு இப்ப கண்ணுக்குத் தெரியுது. தாளிக்கறப்ப கீழ சிந்தினா முன்னெல்லாம் துணியால துடைச்சு சிங்க்ல போட்டுடுவேன், இப்ப பொறுக்கி எடுக்கறேன்.

பாவுக்கு பத்து கிராம், விதைக்கு அஞ்சு கிராம் எடுத்து வச்சுட்டு மிச்சத்துல பாதிய ஊருக்குப் போறவங்ககிட்ட அம்மாவுக்குக் குடுத்தனுப்பினேன். "ஏண்டி, இதென்ன முடி முடியா காம்போட இருக்கு, இதுவா சீரகம்?"னு அம்மா போன் பண்ணினா. கடைச் சீரகம் மெஷின்ல சலிச்சு சுத்தம் பண்ணி வர்றதும்மா, இப்படித்தான் செடில இருக்கும்னு சொன்னேன். சாயங்காலம் மறுபடி போன் வந்துச்சு, ரசத்துக்கு எப்பவும் போடற அளவு போட்டுட்டேன், ரொம்பத் தூக்கலா போச்சு, பாதி போட்டாலே போதும் போலிருக்கேன்னா.

இந்த வருஷம் ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லணும். ஒரு பெட்டில மண்ணை மாத்தாம அதுலயே திரும்ப விதைச்சுட்டேன். பா சொல்லிட்டேதான் இருந்தாங்க, சீரகம் போட்ட மண்ணுல மூணு வருஷத்துக்கு சீரகம் கூடாதுன்னு, பெட்டி மண்ணுதானே, உரம் போட்டா சரியாயிடும்னு நான் நினைச்சேன். ஜனவரில நல்லா பச்சையா நின்ன செடி ஒண்ணொண்ணா மத்தியானத்துல தலை தொங்கி, ராத்திரி நிமிந்து, நாலாவது நாள் நிமிராமலே காஞ்சுடுச்சு. சுக்காரோ, வாடல் நோய். ஒண்ணைப் பிடுங்கி வேருக்கு மேல பிளேடால நெடுக்குவாட்டுல கீறிப் பாத்தேன், வெளில பச்சையா இருக்கு, உள்ள நடுவுல பழுப்புக் கோடு. அந்தப் பூஞ்சை மண்ணுலயே வருஷக்கணக்கா கெடக்கும், தாங்கற ரகம்னாலும் ஓரளவுக்குத்தான். அந்தப் பெட்டி மண்ணை இப்ப வெந்தயக்கீரைக்குக் குடுத்துட்டேன்.

புது மண்ணு போட்ட பெட்டிலேர்ந்து 24 கிராம் வந்துச்சு. பா ரெண்டு மணிய வாய்ல போட்டு முன்பல்லால கடிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, முறத்துலேர்ந்து குண்டா இருக்கறதா பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா பொறுக்கி என் கைல வச்சாங்க. இதைச் சமைக்காதே, அடுப்புச் சாம்பல்ல பெரட்டி, காஞ்ச வேப்பிலை நாலு போட்டு, விதைக்கு வைன்னாங்க. சாம்பல் கிடைக்கல, கேஸ் அடுப்புதான் வீட்ல, கோயில் ஹோமகுண்டத்துலேர்ந்து ஒரு பிடி வாங்கிட்டு வந்து பெரட்டி கண்ணாடி பாட்டில்ல போட்டு அலமாரில மேல் தட்டுல வச்சிருக்கேன். மேல பேப்பர் ஒட்டி எழுதிருக்கேன்: ஜீரு, விதை, லாப் பாஞ்சம்.